ரெண்டு விரல் ஸ்பாட்டர்

மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள அத்தனை பேருடைய முதுகையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே மனிதர் ஸ்பாட்டர்தான். முகத்தைக் காட்டினால் கொஞ்சம் யோசிப்பார். திரும்பி நின்றால் போதும், எந்த லைன், எந்த ஷிப்ட், எந்தத் தோளில் வலி என்று சகலமும் சொல்லிவிடுவார். ஒருநாள் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவனைக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி நிறுத்தி வைத்திருந்தார். ஸ்பாட்டர் அவனை அரைவட்டம் திரும்பச் சொல்லி ஒரு பார்வை பார்த்தார். "வெல்டிங் லைனு, பி ஷிப்ட்டு. வுடுங்க சார்" என்றார். செக்யூரிட்டியும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார்.

அவருக்கும் ஒரு பெயர் உண்டு. அது சர்ச் பதிவேட்டிலும் சம்பளச் சீட்டிலும் பத்திரமாக இருந்தது. எங்களுக்கு அவர் ஸ்பாட்டர். அந்த ஒரு வார்த்தையை அவர் எப்படிப் பிடித்துக்கொண்டார், பிறகு அது அவரை எப்படிப் பிடித்துக்கொண்டது, கடைசியில் அவருடைய பிழைப்புக்கே எப்படி உலை வைக்கப் பார்த்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

நான் கோவில்பட்டியில் டிப்ளமோ முடித்துவிட்டு, கார் சீட்டு செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து மண்ணூரில் ரூம் எடுத்திருந்த காலம் அது. ரூமில் நான்கு பேர், ஒரு ஃபேன். அடுத்த தெருவில் ஒரு தகரக் கொட்டகை ஜிம். அங்கே நான்கு ஃபேன். நான் ஜிம்மில் சேர்ந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. உடம்பை ஏற்றவேண்டும் என்ற ஆசையெல்லாம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. என்னை நேரில் பார்த்தவர்கள் இதைச் சுலபமாக நம்புவார்கள்.

முதல் நாள் பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய இரும்பு ராடைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாரையும் போல "சப்போர்ட் குடுங்கண்ணே" என்று கேட்டேன். தலைக்குப் பின்னால் ஒரு முகம் தலைகீழாகத் தெரிந்தது. நல்ல கறுப்பு, முப்பதை நெருங்கும் வயது, வெயிலில் நின்று நின்று சுருங்கிய கண். அந்த முகத்தில் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட வருத்தம் இருந்தது.

"சப்போர்ட்டுன்றது பந்தக்காலுக்குக் குடுக்கறது. மொதல்லேருந்தே புட்ச்சுகினு நிக்கறது. நீ இன்னா பந்தக்காலா?" என்றார். "இதுக்குப் பேரு ஸ்பாட்டு. கை ராடுக்கு அடியிலயே கீது, ஆனா தொடல. ராடு நின்னுச்சின்னாதான் கை போவணும். அது வரிக்கும் பின்னாடி ஆளே இல்லன்னு நெனச்சுக்கோ. ஆனா ஆள் கீது."

அந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏதோ வீடியோவில் பார்த்தார் என்று ஜிம் ஓனர் சொல்வார். அதற்கு முன்பே அவர் அந்தத் தொழிலில்தான் இருந்தார் என்பது என் கட்சி. எங்கள் கம்பெனியில் கன்டெய்னர் லாரிகள் பின்னால் நகர்ந்து வந்து, சரக்கு ஏற்றும் டாக்கில் ஒட்டி நிற்க வேண்டும். ஓட்டுபவருக்குப் பின்பக்கம் தெரியாது. லாரிக்குப் பின்னால் ஒருவர் நின்று, "வர்லாம், வர்லாம், வர்லாம்" என்று கையை ஆட்டி, சரியான இடத்தில் "ஹோல்டு" சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக அந்த வேலை ஸ்பாட்டருடையது. பகலெல்லாம் லாரியின் முதுகு, சாயங்காலமானால் மனிதர்களின் முதுகு.

இத்தனை வருஷம் ஜிம்முக்கு வந்தவர் ஒருநாள் ஒருபொழுது ராடைத் தூக்கிப் பார்த்தது கிடையாது. கேட்டால், நிற்கத் தெரிந்த ஆள் மண்ணூரிலேயே நான் ஒருத்தன்தான், நானே படுத்துக்கொண்டு நானே எப்படிப் பின்னால் நிற்பது என்பார். சொல்வதில் நியாயம் இருப்பது போலவே இருக்கும்.

ஜிம்மோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் கேனைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறினால், இரண்டு படி கீழே ஸ்பாட்டர் இரு கைகளையும் ஏந்திக்கொண்டு வருவார். வாங்கிக்கொள்ள மாட்டார். அவர் பாட்டுக்கு வருவார். கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்குக் கீழே கை ஏந்தி நின்றிருக்கிறார். மெஸ்ஸில் ஒரு பையன் பத்தாவது பரோட்டாவில் திணறியபோது அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். அவருடைய மனைவி எஸ்தர் அக்கா சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சர்ச்சுக்குப் போவதைப் பார்த்தால், அக்கா முன்னால், இவர் இரண்டடி பின்னால். "பக்கத்துல வான்னா வராது இந்த ஆளு. பாக்கறவங்கல்லாம் நாங்க சண்ட போட்டுகினோம்னு நெனச்சுக்கறாங்க" என்று எங்களிடம் குறைப்படுவார்.

எங்கள் ரூம்மேட் ஒருவனின் கல்யாணம் சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்தது. ஷேர் ஆட்டோவில் ஏழு பேராக நசுங்கிப் போய் இறங்கினோம். தாலி கட்டும் நேரம். மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியது. முடிச்சுப் போட வந்த நாத்தனாரையும் தாண்டி மேடையில் ஏறி, மாப்பிள்ளைக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார் ஸ்பாட்டர். போட்டோக்காரர் கெஞ்சியும் நகரவில்லை. ஆல்பத்தில் அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது. மாப்பிள்ளை, பெண், கெட்டிமேளம், நடுவில் யாருடையவை என்று தெரியாத இரண்டு உள்ளங்கைகள். பெண்வீட்டார் அது மாப்பிள்ளை வீட்டுச் சடங்கு என்று எடுத்துக்கொண்டார்களாம்.

இனி அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முதல்முறை அறுபது கிலோ தூக்கிய நாள். ஐந்தாவது முறை ராடு பாதியில் நின்றது. கண்ணில் பூச்சி பறந்தது. பிறகு எப்படியோ மெல்ல மேலே போய்ச் சேர்ந்தது. எழுந்து உட்கார்ந்ததும் ஸ்பாட்டர் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "நான் தொடவே இல்ல. முழுசும் உன்னுதுதான்" என்றார். நான் அன்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அறுபது கிலோ என்றால் எவ்வளவு என்று அம்மா கேட்டதற்கு, அரிசி மூட்டையெல்லாம் அதற்குக் கீழேதான் என்று பெருமை அடித்தேன். அடுத்த வாரம் ஜிம் ஓனர் அதை வீடியோ எடுத்திருந்ததைக் காட்டினார். ராடு நின்ற இடத்தில், அதன் அடியில், ஸ்பாட்டரின் இரண்டு விரல்கள். மேலே போய்ச் சேரும் வரை கூடவே போயின.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவிடம் பொய் சொல்ல வைத்துவிட்டாரே. நேராகப் போய்க் கேட்டேன்.

"ரெண்டு வெரலுதானேப்பா. ரெண்டு வெரல்ல அறுவது கிலோவா தூக்குவாங்க? மிச்சமெல்லாம் உன்னுதுதானே" என்றார்.

"அப்ப தொட்டேன்னு சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"சொன்னா அடுத்த தபா ராடு நிக்கறதுக்கு முன்னாடியே என் கைய தேடுவ." அவ்வளவுதான் பதில். அடுத்த ஆளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்.

விசாரித்தால், மண்ணூரில் அத்தனை பேரிடமும் இதே பொய். அத்தனை பேரும் அவரவர் ஊருக்குப் போன் செய்து பெருமை அடித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த இரண்டு விரலை நான் இன்னொரு முறையும் அனுபவித்தேன், அப்போது கோபம் வரவில்லை. ஊரில் அப்பா எனக்குப் பெண் பார்த்து நாளும் குறித்துவிட்டார். இரண்டு வருஷமாவது போகட்டும் என்று சொல்ல வேண்டும். என் அப்பாவிடம் முடியாது என்று சொன்னவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிம் வாசலில் நின்று போன் போட்டேன். வழக்கம்போல ஸ்பாட்டர் பின்னால் வந்து நின்றார். "யப்பா, நான் ஒண்ணு சொல்லுதேன்" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஒரு செருமல். வார்த்தை பாதியில் நின்றது. அப்போது முதுகின் நடுவில் இரண்டு விரல், சட்டைக்கு மேலே லேசாக. மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சம்பந்தமே இல்லாதவர் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தொடல" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

இப்படிப்பட்டவருக்குத்தான் சோதனை வந்தது. டாக்கில் கேமரா மாட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. டிரைவரே சின்னத் திரையில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வார், பின்னால் நிற்க ஆள் தேவையில்லை. இரண்டு மாதத்தில் ஸ்பாட்டரின் வேலை போய்விடும். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் நல்ல மனிதர். யார்டுக்குள்ளேயே கன்டெய்னர் நகர்த்த ஒரு டிரைவர் வேண்டும், ஹெவி லைசென்ஸ் எடுத்து வந்தால் அந்த வேலை உனக்கு என்று சொன்னார். கெடு, கேமரா வரும் வரைக்கும்.

ஸ்பாட்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. டிரைவிங் ஸ்கூல் லாரியை ஒரே வாரத்தில் தெருத்தெருவாக ஓட்டினார். சிக்கல் ரிவர்ஸில். டெஸ்டில் லாரியைப் பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்திக் காட்ட வேண்டும். முதல் டெஸ்டில் மனிதர் பாதி தூரம் அழகாக வந்தவர் நிறுத்திவிட்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், லாரி நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் என்னவென்று கேட்டிருக்கிறார். "இன்னும் யாரும் வர்லாம் சொல்லல சார்" என்றாராம் ஸ்பாட்டர். ஃபெயில்.

இரண்டாவது முறைக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு போனார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தனக்குத் தானே "வர்லாம், வர்லாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அது வேலை செய்தது. கம்பங்களை நெருங்கும்போது தனக்குத் தானே "ஹோல்டு" என்றார். லாரி நின்றது. அதோடு விட்டிருக்கலாம். ஆறு வருஷப் பழக்கம் விடுமா? எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கக் கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கம் போய்விட்டார். டெஸ்ட் நடுவில், இன்ஸ்பெக்டரை ஓடும் என்ஜினோடு தனியே உட்காரவைத்துவிட்டுப் போன ஒரே மனிதர் அந்த கிரவுண்டின் சரித்திரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் ஃபெயில்.

நாங்கள் ஜிம்மில் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த சில நாட்கள் அவர் யாருக்குப் பின்னாலும் நிற்கவில்லை. தகரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். ராடுகள் அடிக்கடி பாதியில் நின்றன. நாங்கள் "சப்போர்ட், சப்போர்ட்" என்று கத்தினோம். அந்த வார்த்தைக்குக்கூட அவர் கோபப்படவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எஸ்தர் அக்கா ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, இந்த மூன்றாவது முறையும் போய்விட்டால் கேமரா வருவதற்குள் இன்னொரு தேதி கிடைக்காது என்று சொன்னார். குரலைத் தாழ்த்தி, "எல்லாருக்கும் பின்னாடி நின்னுச்சி இந்த ஆளு. அதுக்குப் பின்னாடி நிக்க ஒருத்தர் இல்ல பாரு" என்றார்.

மூன்றாவது டெஸ்ட் அன்று நான் லீவு போட்டேன். கிரவுண்டுக்குள் யாரும் நிற்கக் கூடாது. வெளியிலிருந்து சைகை காட்டினாலோ குரல் கொடுத்தாலோ ஸ்பாட்டரை அப்போதே இறக்கிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். போன முறை பட்ட பாடு அவருக்கு. நான் சுற்றிப் பார்த்தேன். கிரவுண்டின் பின்பக்கம் கம்பிவேலி. வேலிக்கு வெளியே ஒரு டீக்கடை. டீக்கடை முன்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் ஏறி நின்றால் லாரியின் வலதுபக்கக் கண்ணாடியில் நான் தெரிவேன் என்று கணக்குப் போட்டேன்.

டீக்கடை அக்கா அப்போதுதான் சுடச்சுட வடை போட்டிருந்தார். ஒன்றை வாங்கினேன், அந்த நேரம் பார்த்து லாரி உறுமியது. கையில் வைத்திருக்க முடியாது, கை வேறு வேலைக்கு வேண்டும். கீழே போடவும் மனமில்லை. முழு வடையையும் வாயில் திணித்துக்கொண்டு பெஞ்சில் ஏறினேன். இரண்டு முழங்கையையும் மடக்கி, உள்ளங்கைகளை மேலே பார்க்க ஏந்தி, ஸ்பாட்டர் நிற்பது போலவே ஆடாமல் அசையாமல் நின்றேன்.

"இன்னா தம்பி, மழை வர்தான்னு பாக்கறியா?" என்றார் டீக்கடை அக்கா. வாயில் வடை, பதில் சொல்ல வழியில்லை.

லாரி பின்னால் வரத் தொடங்கியது. மெதுவாக, நேராக வந்தது. கண்ணாடியில் அவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டார் என்று தோன்றியது. பாதி தூரம் வந்தது. பிறகு, முதல் டெஸ்டில் நின்றது போலவே, லாரி நின்றது.

ராடு நின்றால் கை போக வேண்டும். அதுதான் அவர் சொன்ன சட்டம். அவருக்கு இப்போது என் இரண்டு விரல் வேண்டும். ஒரே ஒரு "வர்லாம்" போதும். ஆனால் நான் ஒரு விரலை அசைத்தாலும் அவர் வேலை போச்சு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதில் பாதி வடையில் இருந்த பச்சை மிளகாய். வயிற்றுக்குள்ளிருந்து அந்த வார்த்தை புறப்பட்டுப் புறப்பட்டு வந்து வடையில் முட்டி நின்றது. நான் தொடவில்லை. கையை ஏந்தியபடி வெறுமனே நின்றேன். வாழ்க்கையில் நான் தூக்கிய பெரிய கனம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. லாரி ஒரு சின்னக் குலுங்கல் குலுங்கியது. பிறகு நகர்ந்தது. ஒரு இழுப்பில் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் வந்து, டாக்கில் ஒட்டுவது போல் சுத்தமாக நின்றது. இந்த முறை அவர் இறங்கிப் பின்னால் போகவில்லை. இன்ஸ்பெக்டர்தான் முதலில் இறங்கினார், அதுவும் கொஞ்சம் அவசரமாக.

ஸ்பாட்டர் வேலிக்குப் பக்கத்தில் வந்தார். சட்டை முழுக்க வேர்வை. பாஸ் என்று சொல்லவே இல்லை, முகத்திலேயே இருந்தது. நான் பெஞ்சிலிருந்து இறங்கி, மிச்ச வடையை ஒருவழியாக விழுங்கி முடித்தேன்.

"நடுவுல நின்னுச்சி பாரு, அப்போ நீ வர்லாம் சொன்ன. எனுக்கு நல்லா கேட்டுச்சி" என்றார்.

"நான் சொல்லவே இல்லண்ணே. முழுசும் உங்களுதுதான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கம்பிக்குள் இரண்டு விரலை விட்டு என் தோளைத் தொட்டார். "திருநெல்வேலி, அந்தப் பொய்ய மண்ணூருக்குக் கொண்டாந்ததே நான்தான்டா. எங்கிட்டயேவா?" என்று சிரித்தார். செங்கல்பட்டைத் தாண்டினால் எல்லா ஊரும் அவருக்குத் திருநெல்வேலிதான்.

கேமரா வந்தது. ஸ்பாட்டர் யார்டு டிரைவர் ஆனார். சாயங்காலம் ஜிம்முக்குப் போவதை நிறுத்தவில்லை, ஆனால் இப்போது ராடும் தூக்குகிறாராம். பின்னால் நிற்பது எஸ்தர் அக்கா. அக்கா தொடுகிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. நான் அந்தக் கம்பெனியை விட்டு எழுத வந்துவிட்டேன். எப்போது போன் பேசினாலும் கடைசியில் அந்தப் பேச்சுக்கு வந்துவிடுவார், அன்னிக்கு நீ மட்டும் வர்லாம் சொல்லலன்னா என் கதி இன்னா ஆயிருக்கும் என்று. எத்தனை முறை மறுத்தாலும் நம்புவதில்லை. ஊர் முழுக்கப் பொய் சொல்லிப் பழகியவருக்கு, தனக்கு நடந்தது மட்டும் நிஜம் என்று எப்படி நம்பிக்கை வரும்?

அதனால் அச்சில் போட்டே சொல்கிறேன், ஸ்பாட்டரண்ணே. என் வாயில் வடை இருந்தது. டீக்கடை அக்கா சாட்சி. நான் பின்னால் நின்றேன், அவ்வளவுதான். சத்தியமாகத் தொடவே இல்லை.